பதினைந்து நாள் பார்லி

மே முப்பத்தொன்றுக்குள் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் இருபது வருடத்துக்கு அரசு நல்ல விலை கொடுக்கும். ஒரு நாள் பிந்தினாலும் பாதி விலைதான். மஃப்ரக் பாலையில் எங்கள் கம்பெனி தொண்ணூறாயிரம் சூரியத் தகடுகளை நட்டது இந்தத் தேதியை நம்பித்தான். சூரியனுக்கு அவசரமில்லை, அமைச்சகத்துக்குத்தான் அவசரம்.

கடைசி மின்கோபுரம் என் சித்தப்பா அபூ தஹ்ஹாமின் பார்லி வயலில் நிற்க வேண்டும்.

"பதினஞ்சு நாள் பொறுங்கடா, அறுத்துக்கறேன். அதுதான் என் ஆடுங்களுக்கு ஒரு வருஷத் தீனி" என்றார்.

கெடுவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பொறியாளர் ஹாசிம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் உள்ளூர்க்காரர்களைச் சமாளிப்பது என் வேலை. வழி எனக்குத் தெரியும்.

பெரியவர்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு சித்தப்பாவின் கூடாரத்துக்குப் போனேன். காபி வந்தது. ஒருவரும் குடிக்கவில்லை, கோப்பைகளைத் தரையில் வைத்தோம். கேட்க வந்ததைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால்தான் குடிப்போம். குடிக்காமல் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டுக்கு ஏழு தலைமுறைக்கும் அவமானம்.

சித்தப்பா கோப்பைகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சொந்த ரத்தமே ஆள் சேத்துட்டு வந்திருக்கா? நல்லாயிருடா முத்லக்."

"வேற வழி தெரியல சித்தப்பா."

"சரி, குடுத்தாச்சு. ஆறிடப் போவுது, குடிங்க."

மறுநாள் கிரேன் இறங்கியது. பின்னாலேயே கம்பி இழுக்கும் லாரிகள். பார்லி பாயாகப் படுத்துவிட்டது. பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மே முப்பதாம் தேதி மின்சாரம் பாய்ந்தது. தட்டு தட்டாகக் குனாஃபா இனிப்பு தின்றோம். அன்று மாலையே அமைச்சகத்தின் அறிவிப்பு வந்தது: யாரோ பெரிய கம்பெனிக்காரர் இன்னும் முடிக்கவில்லையாம், அதனால் கெடு எல்லோருக்கும் மூன்று மாதம் நீட்டிப்பு. குடித்த காபியைத் திருப்பித் தர முடியாது. அரசு தன் தேதியை எப்போது வேண்டுமானாலும் தள்ளிக்கொள்ளலாம். எல்லாம் சித்தப்பா தலையில் விடிந்தது. ஹாசிம் சிரித்தார்.

விடிந்ததும் கூடாரத்துக்குப் போய், கெடு நீண்டதை நானே சொன்னேன். சித்தப்பா காபி ஊற்றி நீட்டினார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கோப்பையை வாங்கித் தரையில் வைத்தேன்.

அவர் கோப்பையைப் பார்த்தார்.

"கேக்காதடா" என்றார். "கேட்டா குடுத்துத்தான் ஆகணும். குடிச்சிட்டுப் போ."