காவடிக்குக் குறைந்த பதினேழு இறகு

பிரேமாவின் மார்பில் இருப்பது புற்றுக்கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றே, அவள் புருசன் மகாராஜன் திருச்செந்தூர் முருகனுக்கு மயில் காவடி நேர்ந்துவிட்டான். கடையில் வாங்கிய இறகு ஆகாதாம். தன் கையால் பொறுக்கிய நூற்றெட்டு இறகு வேண்டுமாம். கட்டியைச் சுருக்கும் கீமோ ஊசி எல்லாம் முடிந்து, தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள் ஆபரேஷன். அதைத் தள்ளவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவளுக்கு அவன், அவனுக்கு அவள்.

ஆவணி, புரட்டாசியில் மயில்கள் தோகை உதிர்க்கும். ஆறுமுகநேரி உப்பளத்துக்குப் பின்னால் உடைமரக் காட்டில், பலசரக்குக் கடையை அடைத்துவிட்டு மகாராஜன் முள்ளில் கை கிழியப் பொறுக்கினான். தொண்ணூற்றொன்று சேர்ந்தது. அதோடு உதிர்வது நின்றுபோயிற்று.

தை பிறந்ததும் ஒரு ஆண்மயில் கரண்டுக் கம்பியில் அடிபட்டு உப்பள வரப்பில் செத்துக் கிடந்தது. புதுத்தோகை, கழுத்தெல்லாம் நீலம். “முருகா, குறையை நீயே தீத்துட்டியே!” என்று அழுதேவிட்டான். பதினேழு இறகைப் பிடுங்கிக்கொண்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் காட்டிப் பறவையைப் புதைத்தான். அட கிறுக்கு மனுசா! கள்ளன் என்றால் இறகின் அடிக்காம்பை நறுக்கியிருப்பான். இவனுக்கோ நேர்ச்சைப் பொருளில் கத்தி படக்கூடாது.

பூசத்தன்று பாதி வழியில் வனக்காவலர் ஜீவமணி மறித்தார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? இவனே காவடியை இறக்கிக் காட்டினான்.

“அண்ணாச்சி, உதுந்த இறகுன்னா காம்பு வெள்ளையா, காஞ்சி இருக்கும். இதுல ரத்தமும் சதையுமால்லா இருக்கு! மயில எங்கன வச்சிக் கொன்னீரு?”

“ஐயோ, அது செத்துல்லா கெடந்துச்சு சார்! சாமி வாகனத்த நான் கொல்லுவனா?”

“செத்ததையும் தொடப்பிடாது. கோர்ட்டுல சொல்லும்.”

காவடிக்குச் சீல் வைத்தார்கள். மகாராஜனைச் சிறையில் அடைத்தார்கள். ஜாமீன் மனு இரண்டு தடவை தள்ளுபடியாயிற்று.

நாற்பதாம் நாள் பிரேமா மனு போட்டுப் பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு அந்தப்புறம் பாதி ஆளாய் நின்றாள்.

“ஏளா, ஆபரேஷன் முடிஞ்சிட்டா?”

“கையெழுத்துப் போட, கூட இருக்க ஆளு வேணும்னாங்க. ஒத்தையில எங்கன போவேன்? உங்கள விட்டுருவாங்க, விட்டுருவாங்கன்னு காத்துக் கெடந்தேன். நேத்துப் போனேன். ஈரலுக்குப் பரவிட்டாம், இனி கத்தி வச்சிப் பிரயோசனம் இல்லன்னுட்டாரு.”

மகாராஜன் வலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். “உனக்காகத்தானே பிரேமா நேந்தேன்! உன் உசுருக்காகத்தானே!”

“நான் காவடியா கேட்டேன்?” என்றாள் பிரேமா. “ஆஸ்பத்திரி வாசல்ல நீங்க நின்னாப் போதும்னுல்லா இருந்தேன்.”

நேரமாயிற்று என்று காவலர் சொன்னார். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வெளியே போனாள்.