இன்று சரிபார்க்கப்பட்டது

எங்கள் அலுவலகத்தில் அபாயத்துக்கு மூன்று நிறங்கள்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. கலவரம் நடக்கும் நாடுகளில் எந்தச் சாலையில் போகலாம், எதில் போகக்கூடாது என்று வலைப்பக்கத்தில் எழுதிப் போடுவது என் வேலை. ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் உபதேசம். என் தம்பி வேலை பார்த்த நாடும் என் பொறுப்பில்தான் இருந்தது.

அவன் அங்கே ஒரு மருத்துவமனையில் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். "அக்கா, உன் பக்கத்தைப் பாக்காம நான் பல்லுகூட விளக்குறதில்ல" என்று கிண்டல் செய்வான். அம்மா அதற்கும் மேலே. மழை வருமா என்று என்னைக் கேட்காமல் கடைக்குக்கூடக் கிளம்பமாட்டாள்.

தினமும் காலையில் அங்கிருக்கும் எங்கள் ஆட்களுக்குப் போன் போட்டு விசாரிக்க வேண்டும். ஒன்றும் மாறவில்லை என்றால், மேலே 'இன்று சரிபார்க்கப்பட்டது' என்ற வரியில் தேதியை மட்டும் மாற்றுவோம். அன்று இரண்டு முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. பழைய தேதி கிடந்தால் அதிகாரி வள்ளென்று விழுவார். பத்து நாளாக எதுவும் மாறவில்லையே என்று தேதியை மாற்றிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது போனில் தம்பியின் செய்தி இருந்தது. "பாலத்துச் சாலையில சுடுறாங்கன்னு டிரைவர் வரமாட்டேங்கிறார். நீ போகலாம்னு இன்னைக்குத் தேதி போட்டிருக்கியே, அதைக் காட்டித்தான் சம்மதிக்க வச்சேன். கிளம்பிட்டோம்."

அவனுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சாலையில் விடியற்காலையிலேயே சண்டை தொடங்கி, எங்கள் ஆட்கள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஓடியிருந்தார்கள். தம்பியும் டிரைவரும் பாலத்தைத் தாண்டவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா எனக்காகப் பேசினாள். "அவ விசாரிக்காம ஒரு எழுத்து போடமாட்டா. அவ கேட்டப்ப நல்லாத்தான் இருந்திருக்கு, அப்புறம்தான் கெட்டுப்போச்சு."

எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் தாங்கவில்லை. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு நான் விசாரிக்கல. தேதியை மட்டும் மாத்திட்டேன்."

குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாதும்மா."

"அதுவரைக்கும் நல்லது."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். சாப்பாடு போடுகிறாள், என் துணியையும் மடித்து வைக்கிறாள்.

நேற்று பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். ஜன்னலோரம் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வானம் பளிச்சென்று இருந்தது, சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என்னைத் தாண்டிப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "மழை வருமா?" என்று கேட்டாள்.