முன்பக்கம் பட்டன் வைத்த எட்டுச் சட்டைகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று அது டாக்டர் மேல் வந்தது.

"கை தலைக்கு மேல போகணும். இல்லேன்னா கதிர்வீச்சு மெஷின்ல படுக்க வைக்க முடியாது," என்றார். "ரெண்டு வாரம் பாப்போம். வரலேன்னா சிகிச்சை தள்ளித்தான் போகும். அது நல்லதில்ல."

என் தங்கைக்கு மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம். இடது கை தோள் உயரத்துக்கே வரவில்லை.

"ஒரு டம்ளரக்கூட இவளத் தூக்க விட்டதில்ல டாக்டர்!"

"அதாம்மா பிரச்சனை."

சுருக்கென்றது. நான் தையல்காரி, பள்ளிச் சீருடை தைத்தே முப்பது வருடம் ஓட்டியவள். சட்டையைத் தலை வழியாகப் போட அவள் கையைத் தூக்க வேண்டாமே என்று, முன்பக்கம் பட்டன் வைத்து எட்டுச் சட்டை தைத்துக் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். அலமாரிப் பக்கமே அவளை அண்ட விடவில்லை. கண்ணும் கருத்துமாகப் பார்த்து அந்தக் கையை முடக்கிப் போட்டவள் நானேதான்.

டாக்டர் எங்களை அனுப்பியது மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் நடக்கும் யோகா வகுப்புக்கு. சுவரோரம் வட்டமாக நாற்காலிகள், தலையில் துணி கட்டிய ஏழெட்டுப் பேர். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலருகே உட்கார்ந்தேன்.

"கூட வந்தவங்களும் வாங்க," என்றாள் யோகா டீச்சர்.

"எனக்கென்ன நோயா?"

"நோய் வந்தாத்தான் மூச்சு விடணுமாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

மூச்சை இழுத்தபடி கையை உயர்த்த வேண்டும், விட்டபடி இறக்க வேண்டும். வலி எட்டிப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கை ஏறியது. ஆனால் முகத்துக்கு நேரே வந்ததும் எனக்குப் பொறுக்காது. "பாத்துடி, பாத்து!" என்பேன். கை பொத்தென்று இறங்கிவிடும். பத்து நாளும் இதே கூத்து.

பதினோராம் நாள் டீச்சர் என்னிடம் வந்தாள். "அவங்களப் பாக்காதீங்க. உங்க கையப் பாத்து நீங்க தூக்குங்க."

இதென்ன பெரிய வித்தை என்று தூக்கினேன். வலது கை காதருகே வந்து நின்றுவிட்டது. முக்கினேன், முனகினேன், அசையவில்லை. தையல் மெஷின் முன்னால் குனிந்தே கிடந்த தோள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அக்கா! உனக்கே போகலையே!" என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று! சிரித்துக்கொண்டே எழுந்து என் பக்கம் வந்து, "மூச்ச விடுக்கா, மெதுவா," என்று என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினாள்.

பிடித்தது இடது கை. அது அவள் தலைக்கு மேல் இருந்தது. நான் மூச்சுக்கூட விடவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, கதிர்வீச்சுக்கு அளவெடுக்கும் ஸ்கேன் அறை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்த பெண், "கை நல்லாப் போகுதும்மா. அடுத்த வாரமே ஆரம்பிச்சிடலாம்," என்று வயிற்றில் பாலை வார்த்தாள். ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன்.

தங்கை வெளியே வந்தாள். போட்டிருந்தது, எனக்குத் தெரியாமல் பையில் கொண்டு வந்த அவளுடைய பழைய நீலச் சட்டை, தலை வழியாகப் போடுவது.

"யாருடி போட்டுவிட்டா?"

"நானேதான்."

வீட்டுக்கு வந்ததும் எட்டுச் சட்டையையும் மடித்து வைத்தாள். "இத என்னக்கா பண்றது?"

"குடு இங்க. எனக்குத்தானே கை போகல."

"உனக்குப் பத்தாதுக்கா."

"உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்கேன். பிரிச்சாப் போதும்."

"நீ உக்காரு, நான் பிரிக்கிறேன்," என்றவள், அலமாரியின் மேல்தட்டில் இருந்த கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டினாள். இடது கை.

'பாத்துடி' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன்.