தண்ணீர் ஏறும் வரை

"நிறுத்துங்க! கொஞ்சம் நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

குளத்தின் விளிம்பில் நின்று அந்த வீட்டு மூத்த மகள் பெரியவள் போட்ட சத்தம் கீழே யார் காதிலும் விழவில்லை. தண்ணீர் வடித்த நீச்சல் குளத்துக்குள் இரண்டு ஆட்கள் உளியும் சுத்தியலுமாகச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, உதிர்ந்த சில்லுகளைச் சட்டியில் வாரிக்கொண்டிருந்தார். தலையிலும் புருவத்திலும் வெள்ளைத் தூசி. அது அப்பா என்று தெரிய அவளுக்கு ஒரு நொடி பிடித்தது.

அவள் தோளிலிருந்து பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. 'இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்டி' என்று சித்தி போனில் அழுததைக் கேட்டு, கிடைத்த ரயிலில் ஏறி வந்திருந்தாள். குளத்தைப் பார்த்த அறையில் அம்மா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே இந்த இடி.

காலடியில் கிடந்த ஒரு சில்லை எடுத்து உள்ளே எறிந்தாள். அது சட்டியில் பட்டுத் தெறித்தது. அப்பா நிமிர்ந்தார்.

"வந்துட்டியாம்மா?"

"என்னப்பா பண்றீங்க? அம்மா இருக்கற நிலைமையில?"

"பூச்சு எடுக்கறோம். எல்லாம் பொரிஞ்சு போச்சு, பாரு." கையிலிருந்த சில்லைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கு இன்னிக்குதான் நாள் கெடைச்சுதா?"

அப்பா சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆட்களில் ஒருவரான மேஸ்திரி கையைக் காட்ட, சுத்தியல்கள் நின்றன.

அந்தக் குளம் வீட்டோடு வந்தது. வாங்கும்போது யாருக்கும் அதில் ஆசையில்லை, அம்மாவைத் தவிர. அவளுக்கு மூட்டுவாதம். தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். தண்ணீரில் இறங்கிவிட்டால் அவள் கை காலே வேறு. அப்பா அவளைத் 'தவளை' என்றுதான் கூப்பிடுவார். தினமும் விடிந்ததும் தவளை குளத்தில் இருக்கும், அப்பா கரையில் காபியும் பேப்பருமாக இருப்பார்.

பிறகு பூச்சு கெட ஆரம்பித்தது. முதலில் திட்டுத்திட்டாகக் கறை, அப்புறம் சொரசொரப்பு, கடைசியில் தரையே உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. கால் விரலும் முழங்காலும் உரசிக் கிழியும். ரத்தம் உறையாமல் இருக்க அம்மா மாத்திரை சாப்பிடுகிறவள். ஒரு கீறல் விழுந்தால் சாயங்காலம் வரை கசியும்.

"பூச்சை மாத்திடலாங்க" என்பாள்.

"மழை முடியட்டும்" என்பார் அப்பா. மழை முடிந்தால், "வெயில் தணியட்டும்."

அப்பா கஞ்சர் இல்லை. நாளைக்கு என்று ஒன்று எப்போதும் கைவசம் இருக்கும் என்று நம்புகிற மனுஷர், அவ்வளவுதான். நடுவில் தானே ஏதோ மாவைக் குழைத்து ஒட்டுப் போட்டார். காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி அது உரிந்து வந்தது. அம்மா தண்ணீரில் இறங்குவதை விட்டாள். கால்கள் இறுகின. கட்டிலோடு ஆனாள். படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது. இதனால்தான் அது என்று அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை. இப்போது பெரியவளுக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா தலையணையில் பாதியாகிக் கிடந்தாள்.

"வந்துட்டியா... சாப்டியா?"

"ஆச்சும்மா."

"ஏன் சத்தம் நின்னு போச்சு?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். நீ தூங்க வேணாமா?"

"இனிமே தூங்கறதுதானே வேலை." அம்மாவின் உதடு கோணியது. சிரிப்புத்தான். மூச்சு வாங்கி, நிதானித்து, மறுபடி பேசினாள். "செய்யட்டும் விடுடி. வேலை இல்லாட்டி அந்த மனுஷன் கட்டில் கால்மாட்டுல நின்னுக்கிட்டு என் மூச்சையே பாத்துக்கிட்டு இருக்கார். அதைத்தான் என்னால தாங்க முடியல. கொத்தச் சொல்லு."

பெரியவள் ஜன்னலருகே போனாள். அப்பா அப்படியே நின்றிருந்தார், சட்டியும் கையுமாக.

"கொத்தச் சொல்றாங்க" என்றாள்.

மறுநாள் காலையில் பூச்சு ஏறியது. வெயில் வருமுன் தொடங்கிவிட்டார்கள். கலவையை வாரி அப்பும் சத்தமும், அதன் மேல் கரணை வழுக்கிப் போகும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. அம்மா பேச்சை நிறுத்தியிருந்தாள். பெரியவள் ஈரத்துணியால் உதட்டைத் துடைக்கும்போது மட்டும் கண் லேசாக அசைந்தது. சித்தி கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்கு இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

சித்தியின் அலறல் கேட்டு அப்பா ஓடி வந்தார். வாசற்படியோடு நின்றுவிட்டார். முழங்கை வரை ஈரக் கலவை.

"போய்ட்டாளா?"

பெரியவள் தலையாட்டினாள். அவர் உள்ளே வரவில்லை. கையைச் சட்டையில் துடைத்தார். கலவை போகவில்லை. மறுபடி துடைத்தார்.

பின்னால் மேஸ்திரி வந்து நின்றார். விஷயம் புரிந்ததும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஐயா... பாதிச் சுவர் முடிஞ்சுது. கலவை கலந்து கெடக்கு. என்ன செய்யட்டும்?"

அப்பா தன் கையிலிருந்த கலவையையே பார்த்தார்.

"முடிச்சிருங்க" என்றாள் பெரியவள்.

ஆட்கள் பேச்சே இல்லாமல் பூசி முடித்தார்கள். போகுமுன் மேஸ்திரி அவளைத் தனியே கூப்பிட்டார். "தண்ணிய உடனே விட்டாகணும்மா. காய விட்டா வெடிச்சிரும். விட ஆரம்பிச்சா நடுவுல நிக்கவும் கூடாது. நின்ன இடத்துல கோடு விழுந்துரும், அப்புறம் எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது."

ஹோஸின் வாயில் பழந்துணியைச் சுற்றி அடியில் கிடத்தி, அப்பா குளத்துக்குள் இறங்கும் கல்படியில் உட்கார்ந்தார். மாடித் தொட்டி வற்ற வற்ற மோட்டரைப் போடுவதும், வந்து உட்காருவதுமாக இருந்தார். சொந்தக்காரர்கள் வந்தார்கள். அம்மாவைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே அவரையும் பார்த்தார்கள்.

"பொண்டாட்டி செத்துக் கெடக்கா, இவர் குளத்துக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருக்கார்" என்றாள் சித்தி, மூக்கைச் சிந்தியபடி. "நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போகட்டும் சித்தி."

பொழுது சாயும் நேரத்துக்கு, மயானத்துக்குப் போக வண்டி வந்தது. அம்மாவை ஏற்றிவிட்டார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. இதை விட்டுட்டு எப்படி வர்றது?"

"மாமா, உங்களுக்குப் பைத்தியமா?" என்று சித்தி கத்தினாள். அடுத்த வீட்டுக்காரர் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மேஸ்திரிக்குப் போன் போடலாம் என்றார் இன்னொருவர். அப்பா யாருக்கும் முகம் கொடுக்காமல் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் இருக்கேன். நீங்க அம்மாவோட போங்க."

"நீயா?" அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ வர வேணாமா? உங்கம்மாடி."

"நான் நேத்து ராத்திரி பூரா கூட இருந்தேன்ல. அவங்க வாய்விட்டுப் பேசினதையும் கேட்டுட்டேன். நீங்கதான் அம்மா போனப்புறம் கிட்டயே வரல. இப்பவாவது போங்க."

வண்டிக்காரர் ஒருமுறை ஹாரனைத் தொட்டு, உடனே கையை எடுத்துவிட்டார். அப்பா முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"தொட்டி வத்தினா மோட்டரைப் போடணும். மறந்துராத."

"மறக்க மாட்டேன்."

அவர் அப்படியே போனார், கை கால் கழுவாமல். வண்டிக் கதவு மூடும் சத்தம் கேட்டது. தெருமுனை திரும்பும் வரை எஞ்சின் சத்தமும் கேட்டது. பெரியவள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே போய் மோட்டரைப் போட்டுவிட்டு வந்தாள்.

தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்து, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. இருட்டத் தொடங்கும்போது போன் அடித்தது. அப்பா. பின்னால் பலர் பேசும் சத்தம்.

"தண்ணி எங்க வந்திருக்கு?"

"நடுப்படி நனையுதுப்பா."

"கோடு ஏதும்..."

"இல்ல."

"சரி."

அவர் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அங்கே யாரோ அவரை 'வாங்க, நேரமாச்சு' என்று கூப்பிட்டார்கள்.

"நிறுத்திடாதம்மா" என்றார் அப்பா.

"நிறுத்தலப்பா."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே, தண்ணீர் எட்டிவிட்ட படியிலிருந்து எழுந்து மேல்படியில் உட்கார்ந்தாள்.