பையில் போன விலாசம்

என் தங்கை தன் புருஷனுக்குப் பயந்து ஒளிந்திருந்த இல்லத்தின் பெயர் ஹேவன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னவளும் அவள்தான்.

"புயலடிச்சா கப்பல் வந்து ஒதுங்குற இடமாம்க்கா. மேடம் சொன்னாங்க."

"நீ என்னடி கப்பல்? ஊதினா பறக்குற உடம்பு."

"போக்கா! இங்க வந்து ரவிக்கையெல்லாம் பிடிக்குது. தையல் பிரிச்சு விட்டிருக்கேன், பாரு."

நிஜமாகவே சற்றுப் பூசினாற்போல் இருந்தாள். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். புகலிடம், அடைக்கலம் என்று போட்டிருந்தது. அடைக்கலம் என்றால் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அவள் சொன்ன அர்த்தத்தில் இடம் மட்டும்தான் இருந்தது.

இல்லத்து வாசலில் பலகை கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டால் தையல் கூடம் என்பார்கள். உள்ளே பெண்கள் துணிப்பை தைத்தார்கள். பைகள் கடைகளுக்குப் போயின. மறுபடி ஆர்டர் வரட்டும் என்று இல்லத்தை நடத்தும் மேடம் ஒவ்வொரு பையின் உள்பக்கமும் லேபிள் வைக்கச் சொன்னார். இல்லத்தின் பெயர், தெரு, கதவு எண். தையல் நேராக விழும் என்பதால் அந்த வேலை என் தங்கைக்கு வந்தது. பலகையே கூடாது என்று அத்தனை கவனமாக இருந்தவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவள் புருஷன் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வேன் ஓட்டுகிறவன். அவள் ஹேவனில் இருப்பது எப்படியோ அவன் காதுக்கு எட்டியிருந்தது; இடம்தான் தெரியாமல் இருந்தது. ஏதோ ஒரு கடையில் அந்தப் பை அவன் கண்ணில் பட்டிருக்கிறது.

பிறகு நடந்ததை இல்லத்து வாசல் காவலுக்கு இருந்த ஒரு அம்மா எனக்குச் சொன்னார். அவன் சத்தமே போடவில்லையாம். அப்படி யாரும் இங்கே இல்லை என்று இவர் சொன்னதும், பையை உள்வெளியாகத் திருப்பிக் காட்டினானாம்.

"அவள வரச் சொல்லுங்கம்மா. இல்லாட்டி இங்க இருக்கிற ஒவ்வொருத்தி புருஷனையும் தேடிப் பிடிச்சு, இந்த விலாசத்தக் கையில குடுக்கிறேன்."

மேடம் போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். மெஷினை விட்டு என் தங்கை எழுந்தாள்.

"போகாதடி, பாவி!" என்று பக்கத்து மெஷின்காரி முந்தானையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"விடுக்கா. உன் வீட்டுக்காரன் இதவிட மோசம்னு நீதானே சொன்ன?"

மறுநாள் பிணவறையில் அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். நான்தான் போனேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் மேடம் போன் செய்தார். "இல்லத்த வேற இடத்துக்கு மாத்திட்டோம்மா. எங்கன்னு சொல்ல முடியல. தப்பா நினைச்சுக்காதீங்க."

"சொல்லாதீங்க மேடம்," என்றேன். "அங்க எனக்கு யாரு இருக்கா?"