மூங்கில் முளையும் ஓக் முளையும்

வினிஃப்ரெட் சக்டனின் பீப்பாய் முதன்முதலாகப் பேசியது எழுபத்தொன்பதாம் வருடம், ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்றேகால் மணிக்கு. அன்று ஸ்லெதர்பெக் கிராமத்துக் கடையில் முட்டை டஜன் அறுபது பென்ஸ். காலையில் பெய்த மழை மதியத்தோடு நின்றிருந்தது. பீப்பாய் சொன்னது இவ்வளவுதான்: "கூர ஓட்டுக்காரன் செவ்வாக்கெழம வரேன்னான். எந்தச் செவ்வாக்கெழமன்னு நான் கேட்டிருக்கணும்." குரல் வினிஃப்ரெட்டுடையது. வினிஃப்ரெட்டோ அப்போது வாயை இறுக மூடிக்கொண்டு, கையில் மரச்சுத்தியோடு, கிராமக் கூடத்தின் மூலையில் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மூன்று வாரம் முன்பு, வீட்டுக்குப் பின்னாலிருந்த துவைக்கும் அறையில் அவள் காய்ச்சிய ஏல் என்னும் பீர் பொங்கிக்கொண்டிருந்தபோது, தொட்டிமேல் குனிந்து அவள் முணுமுணுத்த வார்த்தைகள் அவை. கூடத்தைப் பெருக்கிப் பூட்டும் சேத் பின்ஸ் உடனிருந்தார். அவர் பீப்பாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "கூரை ஒழுகுதா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பள்ளத்தாக்கில் பஸ் டிரைவரிலிருந்து பாதிரியார் வரை எல்லோரும் கண்ணுதான்.

இதில் மர்மம் ஏதுமில்லை என்பது ஊரின் கருத்து. பீப்பாயில் அடைத்த ஏல் செத்த சரக்கு அல்ல. உள்ளேயிருக்கும் ஈஸ்ட் வேலையை நிறுத்துவதில்லை. பீப்பாயைத் தாங்கியில் படுக்க வைத்து, மேல்துளையில் மூங்கில் முளை ஒன்றை அடித்தால், நுண்துளைகள் வழியே அது மூச்சு விடும், நுரை கக்கும், ஒரு நாளில் அடங்கும். அடங்கியபின் மூங்கிலைப் பிடுங்கிவிட்டு ஓக் முளையை அடிப்பார்கள். ஓக் மூச்சு விடாது. குழாயைத் திறந்து ஊற்றும்போது மறுபடி மூச்சு வேண்டும், ஓக்கை எடுத்துவிட வேண்டும். இது யார்க்ஷர் வட்டாரம் முழுவதற்கும் தெரிந்த பாடம். வினிஃப்ரெட்டின் பீப்பாயில் மூச்சோடு பேச்சும் வந்தது, அவ்வளவுதான். பொங்கும் நாளில் தொட்டியருகே யார் என்ன சொன்னாலும் ஏல் அதை வைத்துக்கொண்டது. மூங்கில் முளை கிடைத்ததும் திருப்பிச் சொன்னது.

அடுத்த சில வருடங்களில் ஊர் இதை எல்லா விதத்திலும் சோதித்துப் பார்த்தது. பள்ளி ஆசிரியர் தொட்டிமேல் ஒரு ரேடியோவை வைத்தார். பீப்பாய் மூன்று வாரப் பழைய வானிலை அறிக்கையை வாசித்தது, இரண்டு பேர் குடை எடுத்துக்கொண்டு போனார்கள். பாதிரியார் ஒரே நாளில் இரண்டு பிரசங்கங்களை ஒத்திகை பார்த்தார். அவை கலந்து, பாதி நீளத்தில் வெளிவந்தன. சபையார் அதையே விரும்பினார்கள். ஏலைப் பாட்டிலில் அடைத்தால் பேச்சு வரவில்லை. ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தன் நாய் தொட்டியைப் பார்த்துக் குரைத்தது என்று சத்தியம் செய்த ஒருவர், பீப்பாய் குரைக்காததால், நாயின்மேல் நம்பிக்கை இழந்தார்.

வினிஃப்ரெட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஐம்பத்திரண்டு வயது, தனியாள். பஸ்ஸில் அவள் பேசுவது "ஏறு", "எறங்கு" என்ற இரண்டு வார்த்தைகள். வருடத்துக்கு ஒரு முறை, கிராமத் திருவிழாவுக்காக ஒன்பது கேலன் ஏல் காய்ச்சி, சனிக்கிழமை மதியம் கூடத்தில் இலவசமாக ஊற்றுவாள். உரிமம் இல்லாமல் விற்க முடியாது என்பதால் இலவசம். இலவசம் என்பதால் யார்க்ஷரில் அதற்குக் கூடும் கூட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஏலுக்குத் தீர்ப்புச் சொல்ல ஒருவர் வருவார். கிளெமென்ட் ஹேய்க். பக்கத்து டவுன்காரர், ஓய்வுபெற்ற நீர்வாரிய மேற்பார்வையாளர், உயிருள்ள ஏல் பாதுகாப்புச் சங்கத்தின் வடக்குக் கிளைத் தலைவர். சின்னச் சின்னப் பீப்பாய்கள் அச்சிட்ட கழுத்துப்பட்டி அணிவார். அவருடைய மூக்குக்கு மூன்று பள்ளத்தாக்குகளில் பெயர் உண்டு. கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், மூக்கை உள்ளே விடுவார், கண்ணை மூடுவார். கூடமே மூச்சடக்கி நிற்கும். பிறகு, "ஈரமான கற்பலகை. மூடிப்போன பள்ளிக்கூடத்தின் பெஞ்சு. தொலைவில், மிகத் தொலைவில், ஒரு பேரிக்காய்" என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் தங்களுக்கும் பேரிக்காய் தெரிவதாகத் தலையாட்டுவார்கள். பீப்பாய் பேசுவதை அவர் நம்பவில்லை. சேத் அவருக்கு ஒரு தபால் அட்டை போட்டு எச்சரித்தபோது, அது முளையின் இடுக்கில் எழும் விசில் சத்தமே என்று சங்கச் செய்திமடலில் படத்தோடு மூன்று பக்கக் கட்டுரை எழுதினார்.

எழுபத்தொன்பதில் வினிஃப்ரெட்டின் ஏலைக் குடித்துவிட்டு, வேலிக்குப் பூசலாம் என்றார். அடுத்த வருடம் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவின் திமிர் அதிகம் என்றார்; அவள் பாதியாகக் குறைத்தாள். அதற்கடுத்த வருடம் ஹாப்ஸ் எங்கே என்று தேடினார், இரட்டிப்பாக்கினாள். கறுக்க வறுத்த மால்ட் பார்லியை விடச் சொன்னார், விட்டாள். எண்பத்து நான்கில், தண்ணீரே தவறு என்று நீர்வாரியத்து அதிகாரத்தோடு அறிவித்தார். அவள் நாலு மைல் தள்ளியிருந்த சுனையிலிருந்து, பள்ளிக்கூட பஸ்ஸில், பிள்ளைகளின் மடியில் ஆளுக்கொரு கேனாக வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். எண்பத்தைந்தில் அவளுடைய ஏல் யாரையும் கோபப்படுத்தாததாகவும், குடித்தபின் யாருக்கும் நினைவில் நிற்காததாகவும் ஆகியிருந்தது. அதற்கும் ஹேய்க், "முயற்சி தெரிகிறது" என்றார்.

எண்பத்தாறு ஜூலையில், எழுபத்தொன்பதுக்குப் பிறகு இரண்டாம் முறையாக, அவர் துவைக்கும் அறைக்கு ஆய்வுக்கு வந்தார். காய்ச்சும் இடத்தைத் தலைவர் நேரில் பார்க்க வேண்டும் என்று சங்கத்தில் ஒரு விதி. அதைக் கொண்டுவந்தவரும் அவர்தான். தொட்டியில் நுரை குடைபோல எழுந்து நின்றது. வீட்டுக்குள் டெலிபோன் அடித்தது. வினிஃப்ரெட் நாலு நிமிடம் இல்லை. திரும்பி வந்தபோது ஹேய்க் கையைக் கட்டிக்கொண்டு கூரையின் ஒழுகலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் வியாழக்கிழமை, மூன்றேகாலுக்கு, அவள் கூடத்தில் தனியாக நின்று மூங்கில் முளையை அடித்தாள். நுரை பொங்கியது. அதன் பின்னால் ஹேய்க்கின் குரல், மேடைப் பூச்சு எதுவும் இல்லாமல், வந்தது: "எனக்கு மூக்கு வேல செய்யல. பதினோரு வருஷமாச்சு. கொடி கட்டப் போய் ஏணியிலருந்து விழுந்தேன். அன்னிக்கே போச்சு. பேரிக்காயும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது." அவள் மூங்கிலைப் பிடுங்கி எறிந்து, ஓக் முளையை ஒரே அடியில் இறக்கினாள். பீப்பாய் வாக்கியத்தின் நடுவில் அடைபட்டது. அவள் தாங்கியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பதினோரு வருடம். ஏழு தீர்ப்பும் அதற்குள்தான் வந்தன.

வெள்ளிக்கிழமை தன் வேனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். ஹேய்க் தோட்டத்தில் ரோஜாச் செடிகளை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அத்தனையும் வாசனையில்லாத ஜாதி, நிறத்துக்காக வளர்ப்பவை. அவள் அதை அன்றுதான் கவனித்தாள்.

"பீப்பாய் உங்க குரல்ல பேசுது, மிஸ்டர் ஹேய்க்."

"அது விசில், மிஸ் சக்டன். என் கட்டுரையிலயே சொல்லியிருக்கேனே."

"அந்த விசில் ஏணியப் பத்திச் சொல்லுது."

அவர் கத்தரிக்கோலைப் புல்லில் வைத்தார். பிறகு அதைக் குனிந்து எடுத்து மறுபடி வைத்தார். இந்த வருடத்துச் சங்கப் பரிசுக் கோப்பை அவளுக்குத்தான் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்ததாகச் சொன்னார்.

"கோப்பைய வச்சு நான் என்ன பண்ணட்டும்? நாலு மைல், மிஸ்டர் ஹேய்க். புள்ளைங்க மடியில கேனைச் சொமந்துச்சுங்க. ஒருத்தன் பரீட்சைக்கு நனைஞ்சுகிட்டே போனான்."

ஹேய்க் ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓக் முளை அப்படியே இருக்கட்டுமே என்றார். அடைத்துவைத்தால் ஊற்றாது, அது தலைவருக்குத் தெரியாததா என்றாள். தெரியும் என்றார். யாரும் இல்லாத நேரம் பார்த்துத் திறந்து, அதைப் பேசி முடிக்க விட்டால் என்ன என்று கேட்டார்.

"முடிக்கலாம்தான்" என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் இல்ல, மிஸ் சக்டன். சங்கம் இல்லன்னா எனக்குச் சனிக்கிழமையே இல்ல."

அவள் வேனைக் கிளப்பினாள். சேத் கொடுத்திருந்த கூடத்துச் சாவி அவள் பையில் இருந்தது. அன்று மாலை அதை இரண்டு முறை வெளியே எடுத்தாள். இரண்டு முறையும் தண்ணீர் கேன்கள் நினைவுக்கு வந்தன. திரும்ப உள்ளே போட்டாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கூடத்தில் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். ஹேய்க் கழுத்துப்பட்டியோடு வந்திருந்தார். முகம் மட்டும் சவரம் செய்யும்போது இரண்டிடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. இரண்டு நாள் அடைபட்ட பீப்பாய் பலகைக்குப் பலகை முனகியது. குழாயைத் திறந்ததும் அரைக் கிளாஸ் நுரையாகச் சீறி வந்தது. பிறகு நூலாக இறங்கியது. நின்றது. ஹேய்க் அந்த அரைக் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து, மூக்கை விட்டு, கண்ணை மூடி, "ஈரமான..." என்று தொடங்கி, எது ஈரமானது என்று சொல்லாமல் நின்றார். வரிசையில் கிளாஸோடு நின்றவர்கள் நெளிந்தார்கள்.

"அதுக்கு மூச்சு முட்டுது, கண்ணு" என்றார் சேத் பின்ஸ். "முளைய எடு."

வினிஃப்ரெட்டின் கையில் குறடு இருந்தது. அவள் ஹேய்க்கைப் பார்த்தாள். நேற்று முழுக்க இந்த நிமிடத்துக்காகத்தான் சாவியைப் பைக்குள் போட்டு வைத்திருந்தாள். அந்த நிமிடம் வந்தபின் அவளுக்கு மனம் வரவில்லை. அவர் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "சரக்கு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடறேன். எல்லாரும் டீ குடிச்சுட்டுப் போகட்டும்" என்றாள்.

ஹேய்க் அந்த அரைக் கிளாஸைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். மூன்று வார உழைப்பு, ஒன்பது கேலன். நீர்வாரியத்தில் இருந்தவருக்கு ஒன்பது கேலனைச் சாக்கடையில் விடுவது என்றால் என்ன என்று தெரியும். "கொடுங்க" என்று அவள் கையிலிருந்த குறட்டை வாங்கி, அவரே ஓக் முளையைப் பிடுங்கினார்.

பீப்பாய் முதலிலிருந்து தொடங்கியது. மூக்கு, பதினோரு வருடம், கொடி, ஏணி, பேரிக்காய். கூடம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. பின்வரிசையில் காது மந்தமானவர்களுக்கும் கேட்டது. வியாழக்கிழமை ஓக் அடித்த இடம் வந்தது. வினிஃப்ரெட் கண்ணை மூடிக்கொண்டாள். பீப்பாய் நிற்கவில்லை: "ஆனா காது கேக்குது. நானும் எத்தனையோ தொட்டி பாத்துட்டேன். இதுமாதிரி ஒண்ணக் கேட்டதில்ல. தகரத்துமேல தூத்தல் போடற மாதிரி, அவசரமே இல்லாம. எழுபத்தொம்பதுலகூட இப்படித்தான் கேட்டுச்சு, நல்லா நெனவிருக்கு. நல்ல சரக்கு. நாந்தான் கெடுத்துட்டேன். அந்தம்மாகிட்ட இத எப்படிச் சொல்லுவேன்."

அதோடு முடிந்தது. பிறகு சேத் தொண்டையைச் செருமினார். அடுத்ததை அவர் ஹேய்க்கைத் தேற்றத்தான் சொன்னார் என்று பலர் கருதுகிறார்கள்.

"எனக்கு முன்னாடியே தெரியும். எண்பத்திரண்டுல பூச்சாடித் தண்ணியில டீத்தூளக் கலந்து நீட்டுனேன். வெள்ளிப் பதக்கம் குடுத்தீங்க. கொடி வைக்கிற டிராயர்ல கெடக்கு."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார். வரிசையில் முதலாவதாக நின்ற பெண், தலைவர் கொஞ்சம் தள்ளி நின்றால் நாங்கள் ஊற்றிக்கொள்வோம் என்றாள். ஹேய்க் தள்ளி நின்றார். ஏல் கண்ணாடிபோலத் தெளிந்து இறங்கியது. நாலு மணிக்குப் பீப்பாய் காலி.

அவர் பதவி விலகவில்லை. விலகச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. மறுவருடத்திலிருந்து காதால் தீர்ப்புச் சொன்னார்: காய்ச்சும் தொட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நல்லது, நல்லதல்ல என்ற இரண்டில் ஒன்று. சங்கத்தின் மற்ற கிளைத் தலைவர்களும் மூக்கை விட்டுக் காதுக்கு மாறினார்கள். இரண்டே வருடத்தில் செய்திமடலில், தொலைவில், மிகத் தொலைவில், ஒரு தேவாலய மணி கேட்கத் தொடங்கிவிட்டது. வினிஃப்ரெட் எழுபத்தொன்பதாம் வருடத்து அளவுக்கே திரும்பினாள். தண்ணீர், வீட்டுக் குழாய்த் தண்ணீர். ஒவ்வொரு ஜூலையிலும் ஹேய்க் துவைக்கும் அறைக்கு வருவார். வந்ததும், டெலிபோன் அடிக்காவிட்டாலும், அவள் எழுந்து வீட்டுக்குள் போய் நாலு நிமிடம் இருந்துவிட்டு வருவாள்.

ஆகஸ்ட் வியாழக்கிழமைகளில், மூன்றேகாலுக்கு, அவளும் சேத்தும் மூங்கில் முளையை அடித்துவிட்டுப் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்காருவார்கள். ஹேய்க்கின் முழங்கால் வலி, தக்காளி இன்னும் சிவக்காதது, ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் நடுவே எத்தனை நாள் கிடக்கிறது என்பது, எல்லாவற்றையும் அது சொல்லி முடிக்கும்வரை ஓக் முளை மேஜைமேல் கிடக்கும். துவைக்கும் அறையின் கூரை தொண்ணூற்றொன்றில் சரிசெய்யப்பட்டது. ஓட்டுக்காரர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.