குங்குமக் கோடு

கிருபைராஜும் முப்பிடாதியும் பாதிப் பாதி போட்டு வாங்கிய அம்பாசிடர்தான் இரண்டு வீட்டு அடுப்பையும் எரியவைத்தது. வாடகைக்கு ஆளுக்கொரு வாரம் ஓட்டுவார்கள். எஞ்சின் முப்பிடாதி பாடு, டயரும் பிரேக்கும் கிருபைராஜ் பாடு. ஆயுத பூஜைதோறும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, பிளக்கில் தீப்பொறி விழும் டைமிங்கைச் சரியாக வைத்ததும், அதிலிருந்து எஞ்சின்வரை எண்ணெயில் குழைத்த குங்குமத்தால் முப்பிடாதி ஒரு கோடு இழுப்பான். சாமிக்குச் சாமி, அடையாளத்துக்கு அடையாளம்; கோடு முறிந்தால் டைமிங் மாறிவிட்டது என்று அர்த்தம். கிருபைராஜ் வேதக்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். என்றாலும் நண்பனின் சாமி சமாசாரம் என்று அதில் விரல்கூடப் படவிட மாட்டான்.

தொண்ணூற்று மூன்றில் கார்த்திகை பிறந்ததும் வண்டிக்கு என்ன கேடோ, பாபநாசம் ஏற்றத்தில் திணறியது. பெட்ரோலைக் குடித்தது, தண்ணீர் கொதித்தது.

"எஞ்சின் செத்துட்டுலே. சாத்தான்குளத்துல ஒரு ஆளு கேக்கான். கெடைச்ச வெலைக்குத் தள்ளிருவோம்," என்றான் முப்பிடாதி.

அவன் சொன்னால் கிருபைராஜுக்கு மறுபேச்சு கிடையாது. வண்டி போனால் இந்த வயதில் எவனுக்காவது கூலி டிரைவராகப் போகவேண்டும். ஆனாலும் தலையாட்டினான்.

விற்கிற அன்று காலை, கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுப்போமே என்று பானட்டைத் திறந்து எஞ்சினைத் துடைத்தான். கோட்டில் படாமல் சுற்றியிருந்த அழுக்கு போனதும் பார்த்தால், குங்குமக் கோடு முறிந்து கிடந்தது. எஞ்சினில் ஒரு துண்டு, டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு துண்டு, நடுவே ஒரு விரற்கடை. ஆடி ஆடித் தானாகத் திரும்பியிருக்கும் என்றுதான் அந்த வெள்ளந்தி நினைத்தான். போல்ட்டைத் தளர்த்தி, பையத் திருப்பி, கோட்டோடு கோட்டைச் சேர்த்து இறுக்கினான். ஸ்டார்ட் செய்தால் பழைய சத்தம். ஈரடுக்குப் பாலத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறியது. சந்தோஷம் தாங்காமல் நேரே பேட்டைக்கு, முப்பிடாதி வீட்டுக்கு விட்டான்.

"ஏலே, வண்டிக்கு உசுரு வந்துட்டு. விக்காண்டாம்."

முப்பிடாதி வண்டியைப் பார்க்காமல் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தான். அவன் மனைவி சுடலைவடிவின் தம்பி, சாத்தான்குளத்திலிருந்து வந்தவன், காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்து சத்தத்தைக் கேட்டான்.

"என்னத்தான், அதுக்குள்ள டைமிங்கைத் திருப்பி வச்சிட்டியளா? நான் வாங்குன பொறவுதான வைக்கணும்னு சொன்னிய."

கூட இருந்து குழி பறிக்கிறவனுக்கு மண்வெட்டி வேண்டாம், ஒரு ஸ்பேனர் போதும் என்று அப்போதுதான் கிருபைராஜுக்கு உறைத்தது. மச்சினனுக்கு அடிமாட்டு விலைக்கு முடிக்கத்தான் இத்தனை வேலையும். ஒரே பொட்டலத்துச் சோற்றைப் பங்குபோட்டுத் தின்ற கை.

பானட்டைத் தூக்கினான். "திருப்புனவன் கோட்டை ஏம்ல அழிக்கல? அழிச்சிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்."

முப்பிடாதி தரையைப் பார்த்தான். "பூசைல வச்சதுலே. அத அழிக்க மனசு வருமா."

"என்னய ஏமாத்த மட்டும் மனசு வந்திருக்கே."

கிருபைராஜ் அழுக்குத் துணியை எடுத்து, இத்தனை வருஷம் விரல் படாத கோட்டை அழுத்தித் துடைத்தான். "தொடாதலே," என்று முப்பிடாதி பதறினான். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியபோது வராத பதற்றம்.

அடுத்த வாரம் முப்பிடாதியின் முறை. கிருபைராஜ் சாவியைக் கொடுக்கவில்லை.